பழமும் பாலரும்

பாலர்களுக்குப் பழங்களைப் பற்றிப் போதிக்கப் புகுவோர் பெரும்பாலும் வண்ணப் படங்களைக் காட்டிப் பெயர்களை ஒப்புவிக்கச் செய்வதோடு திருப்தியடைந்துவிடுகின்றனர். ஸ்காபரோவில் சனிக்கிழமை தோறும் நடைபெறும் தமிழ் வகுப்பொன்றில் சின்னஞ்சிறாரோடு பழகிவரும் எனது அபிப்பிராயம் வேறு: கதையில் வரும் பழமோ, அதன் சாயலுள்ள வேறொரு பழமோ முதலில் குழந்தையின் கைக்கு வரவேண்டும், கதை அதன் பின்னர் வந்தால் போதும்.

மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த முருகனை ஒளவையார் நாவல் மரத்தடியில் சந்தித்த விருத்தாந்தத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அதில் விளக்கவேண்டியது யாதுமில்லை. ரொறன்ரோவிலே பிறந்து, நாவற்பழத்தைத் தமிழ்க் கடையில் உறைந்த பொதியாக மட்டுமே கண்ட பிள்ளைக்கோ, கனிந்த பழம் விழுந்தால் மணல் ஒட்டுமென்பதும், அதை ஊதுவது சூடாற்றுவது போலத் தோன்றுமென்பதும், அச்சிறுவனின் பரிகாசத்துக்கு அதுவே ஆதாரமென்பதும் எங்ஙனம் புலப்படும்? தெய்வாதீனமாக, இந்நகரத்துப் பின்சந்துகளிலும் வேலியோரங்களிலும் ஒருவரும் நடாமலே, பறவைகளிட்ட விதையால் முளைத்த முசுக்கட்டை மரங்கள், ஆனி மாதத்தில் நடைபாதையை ஊதாக் கறையாக்கிவிடுகின்றன. சப்பாத்து பாழாகுமென்று பெற்றோர் விலகி நடக்கும் அம்மரத்தடியே எனக்கு உத்தமமான பாடசாலை. விழுந்த கனியைப் பொறுக்கி ஊதிப் பார்க்கச் சொல்வேன். உண்பதற்கோ, கிளையின் கீழே பழைய சீலையை விரித்து, உலுக்கி உதிர்த்தவற்றைக் கழுவிக் கொடுப்பேன். அதன் பின்னர் கதையைக் கூறினால், ஒளவையார் தோற்கும் இடத்தில் விளக்கம் கேட்போர் எவருமில்லை. விரற்சாற்றைக் காகிதத்தில் ஒற்றி, அவ்வொற்றல்களுக்கு மேலே மரத்தையும் அதன்மேல் சிறுவனையும் வரைவது, பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்த சித்திர வேலை.

புரட்டாசி பிறந்தால் அப்பிளின் முறை. குறுக்கே வெட்டிய அப்பிளின் நடுவே ஐந்து விதையறைகளும் நட்சத்திரமாய் விளங்கும். வெட்டிய முகத்தின் ஈரத்தைத் துணியால் ஒற்றி, சற்றே உலரவிட்டு, வர்ணத்தைத் தூரிகையால் மெல்லப் பூசி அழுத்தினாலன்றி அந்நட்சத்திரம் காகிதத்தில் பதியாது. தோய்த்தெடுத்தால் வெறும் வட்டமே மிஞ்சும். அச்சு உலரும் வரையில் சொல்வதற்கு ஒன்ராறியோ மண்ணின் மெய்க்கதையொன்று உண்டு. 1811ஆம் ஆண்டளவில், இன்று டண்டீலா என வழங்கும் இடத்தில் காடழித்துக் குடியேறிய ஜோன் மக்கின்ரொஷ், அங்கே தாமாக முளைத்திருந்த அப்பிள் கன்றுகளைப் பெயர்த்து நட்டார். பிழைத்த ஒரே மரத்தின் ஒட்டுகளிலிருந்தே இன்றைய மக்கின்ரொஷ் அப்பிள் யாவும் வழிவழியாக வருகின்றன. 1894இல் வீட்டிற் பற்றிய தீ அத்தாய்மரத்தைக் கருக்கிய பின்னரும் அது சில ஆண்டுகள் காய்த்தது என்றதும், பிள்ளைகள் தீயைப் பற்றியே கேட்டுக் குடைவார்கள். விதையிட்டால் அதே பழம் வாராது என்றாலும் அவர்கள் கேளார். ஆதலால் விதைகளை ஈரத்துணியிற் சுற்றி, இரண்டு மூன்று மாதம் குளிர்ப்பெட்டியில் வைத்த பின்பே மண்ணிலிடவேண்டுமென்று வீட்டுக்கு எழுதி அனுப்புவேன்.

ருசி பார்க்கும் பாடத்துக்கு முன் ஒவ்வாமை குறித்துப் பெற்றோரைக் கேட்பதும், திராட்சையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுப்பதும் தவிர்க்கலாகாதவை.

மாம்பழத்துக்காக உலகைச் சுற்றிய கதையை, கடைகளில் மாம்பழப் பெட்டிகள் அடுக்கப்படும் சித்திரை, வைகாசிக்கு ஒதுக்கியிருக்கிறேன். களிமண்ணில் மயிலும் மூஞ்சூறும் மாங்கனியும் பிசைந்தபடியே கேட்கும் பிள்ளைகள், பழத்தை ஏன் வெட்டிப் பங்கிடவில்லை என்று தவறாது வினவுவர். புராணத்துக்குச் சமாதானம் கூற நான் முற்படுவதில்லை. 2008இல் இந்நகரில் தோன்றிய ‘நொட் ஃபார் ஃப்ரம் த ட்ரீ’ என்ற தொண்டமைப்பினர், முற்றங்களிற் பறிப்பாரற்றுக் கிடக்கும் பழங்களைப் பறித்து, வீட்டுக்காரருக்கும், பறித்த தொண்டருக்கும், உணவு வழங்கும் நிலையங்களுக்குமாக மூன்று பங்கிடும் வழக்கத்தைச் சொல்லி, களிமண் மாம்பழத்தையும் அவ்வாறே அறுக்கச் சொல்வேன். உள்ளே கொட்டையாக வைத்த கூழாங்கல் எவருக்கென்பதில்தான் வழக்கு முற்றும்.