பூச்சுக்குள் மறைந்த துரு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். விடைத்தாளில் அதற்கு இரண்டு மதிப்பெண். ஒரு பழைய அம்பாசடர் காரின் அடிப்பாகத்தை அறுத்துப் பார்த்த நாளில்தான் அந்த விடை எவ்வளவு குறையானது என்று எனக்குத் தெரிந்தது.

என் தந்தையார் கார் டிங்கர் வேலை செய்பவர். விடுமுறை நாள்களில் நானும் பட்டறைக்குப் போவதுண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைகடந்து நெல்லைச் சந்திப்பு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளுக்குள் புகுந்தது. அவ்வெள்ளத்தில் இருக்கை மட்டம்வரை மூழ்கிய ஓர் அம்பாசடர், வேறொரு பட்டறையில் பட்டியும் பெயிண்டும் பூசப்பட்டு, ஓராண்டு கழித்து எங்களிடம் வந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "கதவுக்குக் கீழ ரெண்டு கொப்புளம், அவ்வளவுதான். மக கல்யாணத்துக்குள்ள சரிபண்ணித் தாங்க" என்றார்.

அப்பா விரல் மூட்டால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். பட்டி கனமாக அப்பிய இடம் மொத்தென்று கேட்கும். பிறகு துணி சுற்றிய சிறு காந்தம். கொப்புளத்தைச் சுற்றி ஒரு சாண் தூரத்திற்குக் காந்தம் பிடிக்கவேயில்லை. கீழிருந்து ஸ்குரு டிரைவரால் மெல்ல அழுத்தினார். அது பிடிவரை உள்ளே போய்விட்டது.

"இப்போதைக்குப் பட்டியப் போட்டு மூடிருங்க அண்ணாச்சி. கல்யாணம் முடியட்டும், பாத்துக்கிடலாம்."

"கல்யாணப் பொண்ண இதுலதான சார் ஏத்திட்டுப் போவிய?"

அப்பா வேறொன்றும் சொல்லவில்லை. அவர் கேட்டதில் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி வந்த அம்பாசடருக்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம் கிடையாது. உடல் தகடுகளே சேர்ந்து பாரம் தாங்குகின்றன. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி அதற்கு விலா எலும்பு. அதைப் பட்டியால் நிரப்புவது, உளுத்த உத்திரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல.

அறுத்துத் திறந்தபோது உள்ளே கைப்பிடி கைப்பிடியாக ஆற்று வண்டல், ஓராண்டுக்குப் பிறகும் ஈரத்தோடு! நீர் வடியும் துளைகளைப் பட்டி அடைத்திருந்தது. வெயிலும் மழையும் படும் பகுதிகளில் மேல்துரு மட்டுமே இருக்க, காற்றே புகாத இங்கே தகடு சல்லடையாகியிருந்தது ஏன்? "மூடுன எடத்துலதாம்ல திங்கும்" என்றார் அப்பா. ஏன் என்பதை நம் ஆய்வகத்தில்தான் கண்டேன்.

தேய்த்து மெருகேற்றிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புக் கரைசல் விடுங்கள். அதில் சிறிது ஃபினால்ஃப்தலீனும் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கலந்திருக்கட்டும். சற்று நேரத்தில் சொட்டின் விளிம்பு இளஞ்சிவப்பாகும், நடுப்பகுதி நீலமாகும். விளிம்பில் ஆக்சிஜன் தாராளம். அங்கே ஹைட்ராக்சைடு அயனிகள் பிறக்கின்றன. நடுவில் ஆக்சிஜன் குறைவு. அந்த இடமே நேர்மின்வாயாகி, இரும்பு அயனியாகக் கரைகிறது. இரண்டும் சந்திக்கும் இடைவெளியில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. கேம்பிரிட்ஜ் அறிஞர் எவான்ஸ் பெயரால் வழங்கும் சோதனை இது. துரு படியும் இடம் வேறு, இரும்பு கரையும் இடம் வேறு! வண்டலுக்கடியிலும் பட்டிக்கடியிலும் நடந்தது இதுதான். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கொள்வதால் பெயிண்டை மேலே தள்ளுகிறது. கொப்புளம் நம் கண்ணில் படும்போது தகடு உள்ளிருந்து முடிந்துபோயிருக்கும்.

பாஸ்பாரிக் அமிலம் தடவினால் போதாதா என்று கேட்டேன். அது மேல்துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். போன கனத்தைத் திருப்பித் தராது. ஆகவே வெட்டத்தான் வேண்டும். ஆனால் பெட்டியை அறுத்தால் உடல் தொய்ந்து கதவு பொருந்தாமல் போய்விடும். எனவே வண்டியைச் சமமட்டத்தில் நிறுத்தி, கதவிடுக்கில் குறுக்குக் கம்பி பற்றவைத்த பிறகே அறுத்தோம். பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டினோம். அரை அங்குலம் மிச்சம் பிடிப்பது இங்கே கஞ்சத்தனம். அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டதால், அதே கனமுள்ள தகட்டை அப்பாவே அடித்து வளைத்தார். அந்த வளைவை நான் மூன்று முறை முயன்றும் வரவில்லை. பற்றவைப்பதிலும் அவசரம் ஆகாது. ஒரே கோடாக ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும். இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டாக, ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். பிறகு துத்தநாகப் பிரைமர், உட்புறம் மெழுகுப் பூச்சு. பழைய எஞ்சின் ஆயில் ஊற்றுவதே பட்டறை வழக்கம். அதில் அமிலக் கழிவு சேர்ந்திருக்கும் என்று நான் வாதாடியதில் அப்பா இம்முறை விட்டுக்கொடுத்தார்.

மூன்று வாரம் ஆயிற்று. கல்யாணத்திற்கு வாடகைக் கார்தான் போனது, ஆசிரியருக்கு வருத்தம்தான். இருந்தும் ஐப்பசி மழை விட்டதும் வண்டியோடு வந்தார். நான் கீழே படுத்து, வடிதுளைகளில் கம்பி விட்டுப் பார்த்தேன். கம்பி காய்ந்தே வெளிவந்தது.