கட்டங்களுக்கு இடையே ஒரு கோடு

அன்புள்ள தம்பிக்கு,

பைத்தானில் டிகிண்டரைக் கொண்டு நீ அமைத்துவரும் மதிப்பெண் அட்டவணைக்குக் கோடும் வண்ணமும் சேர்க்க உபாயம் கேட்டிருந்தாய். டிகிண்டருக்கு ஆதாரமான டிகே கருவித்தொகுப்பின் 8.5ஆம் பதிப்பில் வந்த ட்ரீவியூ, முழு வரிசைக்கும் வண்ணமிட இடங்கொடுத்ததேயன்றி, 2024இல் 9.0ஆம் பதிப்பு வெளியாகும் வரையில் தனியொரு கட்டத்துக்கு வண்ணமிட வழி வைக்கவில்லை. ஆகையால் பழைய பதிப்புகளிலும் இயங்கும்படி லேபிள்களைக் கிரிட் முறையில் அடுக்குவதே உனக்கு உசிதம்.

லேபிள் ஒவ்வொன்றுக்கும் 'சாலிட்' என்னும் ரிலீஃபைக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்ததென்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அடுத்தடுத்த இரு கட்டங்களும் தத்தம் கோட்டை வரைவதால் நடுவில் கோடு இரட்டித்துத் தடிப்பதோடு, அதன் கறுப்பு நிறத்தை மாற்றவும் இயலாது. இரண்டு வயலுக்கு ஒரு வரப்பு போதுமல்லவா? எனவே கோட்டையே வரையாதே. நீ விரும்பும் கோட்டின் நிறத்தைப் பின்னணியாகக் கொண்ட ஃப்ரேம் ஒன்றை அமைத்து, அதனுள் லேபிள்களை வலப்புறமும் கீழ்ப்புறமும் ஒரு பிக்சல் இடைவெளி விட்டு நிறுத்தினால், அந்த இடைவெளியில் தெரியும் பின்னணியே கோடாகிவிடும்; முதல் பத்தியின் இடப்புறத்துக்கும் முதல் வரிசையின் மேற்புறத்துக்கும் மட்டும் கூடுதலாக ஒரு பிக்சல் விடவேண்டும். 'ஸ்டிக்கி'க்கு நான்கு திசைகளையும் கொடுக்க மறவாதே. மறந்தால், குறுகிய சொல்லுள்ள கட்டங்களைச் சுற்றி அந்த நிறம் திட்டுத் திட்டாகப் பரவி விகாரமாகத் தோன்றும்.

ஒரு கட்டத்தை மட்டும் விசேஷமாகச் சுட்ட 'ஹைலைட்திக்னஸ்' உதவும். ஆனால் அதை எல்லாக் கட்டங்களுக்கும் முன்னமே 2 என்று வைத்து, அந்த விளிம்பின் நிறத்தைக் கட்டத்தின் பின்னணியோடு ஒன்றாக்கிவிட்டு, வேண்டும்போது நிறத்தை மட்டும் மாற்று; தடிமனை மாற்றினால் அட்டவணை முழுவதுமே நகர்ந்து குலுங்கக்கூடும்.

வண்ணத்தில் என் அபிப்பிராயம் கண்டிப்பானது. தோல்வியுற்றவர் மதிப்பெண்ணைக் கொழுந்துவிட்டெரியும் சிவப்பில் அமிழ்த்தாதே; எழுத்து வாசிக்கும்படியிருக்க #ffdddd போன்ற வெளிர்ச் சாயம் போதும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்களும் உண்டாகையால், பக்கத்தில் ஒரு குறியும் இடு. எந்த மதிப்பெண்ணுக்கு எந்த நிறம் என்ற நிர்ணயம் முழுவதும் ஒரே ஃபங்ஷனில் இருக்கட்டும்.

முடித்தபின் ஜன்னலை இழுத்துப் பெரிதாக்கிப் பார். ஃப்ரேம் ஜன்னலோடு சேர்ந்து விரியும்போது, பத்திகளுக்கும் வரிசைகளுக்கும் 'வெயிட்' கொடுக்காதிருந்தால், கோட்டின் நிறம் அட்டவணைக்கு வெளியே பெருந்திட்டாக விரிந்து நிற்கும். அதையும் சரிசெய்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா