பென்னுக்கு ஜோடி பென்சில்!

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. எல்கேஜி படிக்கிறாள். ஸ்கூலில் இப்போது 'ரைமிங் வேர்ட்ஸ்' நடக்கிறது. 'பென்' என்று கேட்டால் 'ஹென்', 'டென்' என்று சொல்ல வேண்டுமாம். இவள் 'பென்சில்' என்கிறாள். 'டாக்' என்றால் 'கேட்' என்கிறாள். மற்ற பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். மிஸ் ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கச் சொன்னார். சாயங்காலம் அதோடு உட்காரவைத்தால் அழுகிறாள். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். 'நீங்க இங்கிலீஷ்லயே பேசுங்க அண்ணி, தானா வந்துடும்' என்கிறார் கொழுந்தனார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மடித்து உள்ளே வையுங்கள். பட்டியலை ஒப்பிக்கிற பிள்ளையிடம், பட்டியலில் இல்லாத 'மென்' என்ற சொல்லைக் கொடுத்து, 'இது பென்னோட சேருமா?' என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் விழிக்கும். ஒப்பிப்பது வேறு, ஓசையைக் காதால் பிரித்தறிவது வேறு.

உங்கள் மகள் சொன்ன இரண்டு பதில்களும் ஒரே ரகம் அல்ல. 'டாக்' என்றால் 'கேட்' என்பது பொருளைப் பிடித்துக்கொண்டு சொன்னது. நாய் என்றதும் பூனை ஞாபகம் வருகிறது. இந்த வயதில் சொல் என்றாலே அது குறிக்கும் பொருள்தான். சொல்லுக்கு ஓசை என்று தனியாக ஒன்று உண்டு என்பதே பிள்ளைக்குப் புதுச் செய்தி. ஆனால் 'பென்', 'பென்சில்' என்று ஜோடி சேர்த்தபோது அவள் அந்தப் படியைத் தாண்டிவிட்டாள். ஓசையைத்தான் கேட்டிருக்கிறாள், முன்பக்கத்தில் கேட்டிருக்கிறாள். நம் செய்யுளில் அதற்கு மோனை என்று மரியாதையான பெயரே இருக்கிறது. மிஸ் கேட்பது பின்பக்கத்து ஒற்றுமை. 'ஆமா, ரெண்டும் ஒரே மாதிரி ஆரம்பிக்குது. இப்ப ஒரே மாதிரி முடியறதைக் கண்டுபிடிக்கலாமா?' என்று கேளுங்கள். தப்பு என்ற சொல்லே வேண்டாம்.

வீட்டு மொழியை மாற்ற வேண்டியதில்லை. ஓசையைப் பிரித்துக் கேட்கும் திறனைத் தெரிந்த மொழியில் பழகினால் மற்ற மொழிக்கும் அது உதவும். 'ஹென்' என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையிடம் அதன் ஓசையை ஆராயச் சொல்வது இரட்டைச் சுமை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள் தமிழில்தானே இருக்கின்றன?

அதைவிட முக்கியமான ஒன்று. 'தோசை கீசை இருக்கா?', 'பாம்பு கீம்பு வந்துடப் போவுது', 'பணம் கிணம் வேணுமா?' என்று நாம் நாள் முழுக்கப் பேசுகிறோம். சொல்லின் தலையை எடுத்துவிட்டு வேறு தலை வைக்கிறோம், மீதி அப்படியே நிற்கிறது. ரைம் செய்வதும் இதே வேலைதான். முதல் எழுத்து நெடில் என்றால் 'கீ', குறில் என்றால் 'கி'. 'மாடு கிடு' என்று யாரும் சொல்வதில்லை. முதல் எழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அதே கணக்கு. உங்கள் மகள் பேச்சைக் கவனியுங்கள், அவளும் அனேகமாக இப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். தலை பின்னும்போது இதையே விளையாட்டாக்குங்கள்: நீங்கள் 'புத்தகம்' என்றால் அவள் 'கித்தகம்'. ('பழம் கிழம்' மட்டும் தாத்தா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அடுத்தது, கேட்டுச் சொல்வது. சொல்லை உருவாக்குவதைவிட அடையாளம் காண்பது எளிது, அதனால் அது முன்னால் வரட்டும். 'கால், பால்: சேருமா? கால், மூக்கு: சேருமா?' என்று தொடங்குங்கள். பிறகு மூன்று சொல் கொடுத்துச் சேராததை எடுக்கச் சொல்லுங்கள்: பட்டு, தட்டு, பூனை. அது சுலபமானதும் பட்டு, தட்டு, பந்து. இங்கே முன்பக்க ஒற்றுமை அவளை இழுக்கும். அதை மீறி 'பந்து' என்று எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம்தான் அவளாகச் சொல்வது. 'பால்' என்றால் 'கால்', 'வால்' வரும். 'ஜால்' என்றும் வரலாம். சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். அர்த்தமில்லாத சொல்லை யாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்க முடியாது, அவள் காதால் கேட்டுச் செய்தாள் என்பதற்கு அதுவே சாட்சி.

ஓர் எச்சரிக்கை. கல், சொல் இரண்டும் நமக்கு எதுகை. ஆனால் ஆங்கில ரைமுக்கு நடுவில் இருக்கும் உயிரோசையும் ஒத்துப்போக வேண்டும். 'மாடு கீடு' பழக்கத்தில் அவள் 'பென்'னுக்கு 'பின்' என்று சொல்லக்கூடும். காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள், தமிழ்க் காதுக்கு அது சரிதான். ஆகவே ஆங்கிலத்துக்குப் போகும் முன்பு கால், பால், வால் போல உயிரும் மாறாத சொற்களில் சில நாள் விளையாடுங்கள். பின்பு அவள் வாயில் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள்: கார், ஸ்டார்; பெட், ரெட். மரம், பணம் என்று 'ம்' மட்டும் ஒத்துவருவதையும், வந்தான், போனான் என்று விகுதி மட்டும் ஒத்துவருவதையும் இப்போதைக்குத் தவிர்க்கலாம். அவற்றில் காதுக்கு அதிக வேலை இல்லை.

இதெல்லாம் வெறும் பாட்டு விளையாட்டு அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வாளர்கள் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும், படிக்கத் தொடங்காத சுமார் 400 பிள்ளைகளிடம் இப்படித்தான் சேராத சொல்லை எடுக்கச் சொன்னார்கள். அதில் தேறியவர்கள் பின்னாளில் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னே இருந்ததை 1983-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஓசையைப் பிரித்தறியப் பயிற்சியும் கொடுத்தார்கள். அப்படிப் பயிற்சி பெற்றவர்களிலும், ஓசையோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் வைத்து விளையாடியவர்களே அதிகம் முன்னேறினார்கள். எனவே ஓசை பிடிபட்டதும் எழுத்து அட்டைகளைத் தரையில் பரப்பி, 'பெட்'டில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'ரெட்' ஆக்கிக் காட்டுங்கள். அதற்காக ரைம் வராத பிள்ளைக்கு வாசிப்பே வராது என்று அர்த்தமில்லை. சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிப்பது வாசிப்புக்கு இதைவிட நெருக்கமான திறன். ரைம் அதற்கு ஒரு வழி.

நாலரை வயதில் இந்தத் தடுமாற்றம் சகஜம். அடிக்கடி சளி பிடித்துக் காது வலிக்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு தெளிவாக இல்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். ஆறு வயது தாண்டியும் பட்டு, தட்டு, பூனையில் திணறினால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். மிஸ்ஸிடம், 'பட்டியல் வேண்டாம், வாரத்துக்கு ஒரு ஜோடிச் சொல் சொல்லிவிடுங்கள், மீதியை வீட்டில் விளையாடிக்கொள்கிறோம்' என்று கேட்டுப் பாருங்கள்.