பொதுமக்களுக்கு விஞ்ஞானம் சொல்வது எப்படி?

எங்கள் குடும்பம் வேலூரிலிருந்து சித்தூருக்குக் குடிபெயர்ந்தது. சென்ற விடுமுறையில் ஒரு மாலை, திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டி மேற்கு வானத்தைக் காட்டி, "பெரிய படிப்பெல்லாம் படிக்கிறியே, பகல் முழுக்க நீலமா இருந்த வானம், பொழுது சாய்ஞ்சா ஏன்டா சிவக்குது?" என்று கேட்டார். நான் 'ஸ்காட்டரிங்' என்றேன், 'வேவ்லெங்த்' என்றேன். "உனக்குத் தெரியுதுப்பா, எனக்குத்தான் தெரியல" என்று சொல்லி அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பயிலும் எனக்கு அது தேர்வில் தோற்றதினும் பெரிய தோல்வியாகப் பட்டது.

பாட்டியின் கேள்வி எளியதன்று. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்பதையே பொருளாகக் கொண்டு, 1968 டிசம்பர் 22-ஆம் நாள், அகமதாபாத்தில் சர் சி. வி. இராமன் உரையாற்றினார். விக்ரம் சாராபாய் தோற்றுவித்த சமுதாய விஞ்ஞான நிலையத்துக்காக நிகழ்ந்த உரை அது. அப்போது இராமனுக்கு வயது 80. நோபெல் பரிசு பெற்று 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தகையவர் எல்லோரும் அன்றாடம் காணும் வானத்தையே எடுத்துக்கொண்டார். அவரும் நம்மைப்போல் தெலுங்கு நாட்டில் வளர்ந்த தமிழரே. அவர் தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர்.

இதிலிருந்து நான் கற்ற பாடம் இது: கேட்பவர் கண்டதிலிருந்து தொடங்குக, செய்து காட்டுக, அதன் பின்னரே பெயர் சொல்லுக.

மறுநாள் இரவு விளக்கை அணைத்தேன். நீளமான கண்ணாடிச் சீசாவில் நீர் நிரப்பிச் சில துளி பால் விட்டேன். ஒரு முனையிலிருந்து டார்ச் ஒளியைச் செலுத்தினேன். பக்கத்திலிருந்து பார்க்க நீர் மங்கிய நீலமாயிற்று. மறுமுனையில் பிடித்த வெள்ளைத்தாளில் விழுந்த ஒளியோ மஞ்சளித்துச் சிவந்தது. "நீலம் வழியிலேயே சிதறிப் போகிறது பாட்டி, மிஞ்சியதுதான் சிவப்பு. மாலையில் சூரிய ஒளி நம்மிடம் வர, உச்சிப்பொழுதைவிட 30 மடங்குக்கும் மேலான காற்றைக் கடக்க வேண்டும்" என்றேன்.

கணக்கு இதுதான். சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்று 1871-இல் ராலே காட்டினார். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நாலு மடங்குக்கு மேல் சிதறும்.

பாட்டி சற்று நேரம் சீசாவையே பார்த்திருந்தார். பிறகு, "அப்ப மேகம் மட்டும் ஏன் வெள்ளையா இருக்குது?" என்றார். மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. விடையைவிட அக்கேள்வியே எனக்கு மகிழ்ச்சி தந்தது.

நண்பர்களே, சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் வழியில் காதங்கி இருக்கிறது. அங்குள்ள ரேடார், 1024 ஏரியல்களைக் கொண்டு 53 மெகாஹெர்ட்ஸ் அலைகளை வானில் செலுத்துகிறது. காற்று சிதறடித்துத் திருப்பும் சிறு பகுதியைக் கொண்டு மேலே வீசும் காற்றின் வேகத்தை அளக்கிறது. அவ்வழியே பஸ்ஸில் செல்லும் எத்தனை பேருக்கு அதை நாம் எடுத்துச் சொல்லியிருக்கிறோம்? மக்கள் வரிப்பணத்தில் அமைந்தது அன்றோ அது!

நம் சங்கம் திங்கள்தோறும் ஒரு மாலை, கட்டணமின்றி, தமிழிலும் தெலுங்கிலும் விஞ்ஞானச் சொற்பொழிவு நடத்தலாகாதா? முதல் உரைக்கு நான் ஆயத்தம். சீசாவும் பாலும் நானே கொண்டுவருகிறேன். நீங்கள் உங்கள் பாட்டிமாரை அழைத்து வாருங்கள்.