பிள்ளைப்பேறும் விஞ்ஞானமும்

மணமாகி ஐந்தாறு வருஷங்களாகியும் மழலைச் சொல் கேளாத வீட்டின் கவலை நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. விசேஷம் உண்டா என்று கேட்போருக்குப் பயந்து கலியாண விருந்துக்கே போகாதிருக்கும் தம்பதிகளை நாம் அறிவோம். பழியோ பெரும்பாலும் பெண் தலையிலேயே விழுகிறது. இவ்விஷயத்தில் நம் சிங்கப்பூரிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியை வியாபார அன்பர்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதுகிறோம்.

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் மேற்கோரத்தில், கெண்ட் ரிட்ஜில், தேசியப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே 1980களில் வந்து சேர்ந்தவர் பேராசிரியர் ஆரிஃப் போங்சோ. இலங்கையில் பிறந்த மலாய் வமிசத்தவர். அவர் முதலில் கற்றது மிருக வைத்தியம். பிறகு கனடாவின் குவெல்ப் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். மாட்டு வைத்தியருக்குப் பிரசவ ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கருவை உடலுக்கு வெளியே பேணும் வித்தை முயல் முதலிய மிருகங்களில் கற்ற பின்னரே மனிதரிடம் வந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அத்துறைக்குத் தலைவராயிருந்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் சண்முகரத்தினம். ஷான் ரத்னம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய குழுவின் முயற்சியால் 1983இல் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. ஆசியாவிலேயே அதுதான் முதல் என்று சொல்வது வழக்கம். ஆனால் 1978லேயே கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இதைச் சாதித்தார் என்பதையும், உயிருடனிருந்த காலத்தில் அவர் சொல் அங்கீரிக்கப்படவில்லை என்பதையும் நாம் மறைத்தல் நியாயமாகாது.

இனி, போங்சோ கண்டது என்ன? சினைமுட்டையும் விந்தணுவும் கலப்பது கர்ப்பப்பையில் அல்ல, அதனோடு சேர்ந்த கருக்குழாயில். அங்கே கரு இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகிக்கொண்டே நகர்ந்து, சில நாட்கள் கழித்தே கர்ப்பப்பையை அடைகிறது. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டிலோ உப்பும் சர்க்கரையும் சத்தும் கலந்த நீர் மட்டுமே இருந்தது. இரண்டு மூன்று நாட்களில் பல கருக்கள் அதில் வளர்ச்சி நின்று வீணாயின. அதனால் வைத்தியர்கள் இரண்டாம் நாளே கருவை எடுத்துக் கர்ப்பப்பையில் வைத்தார்கள். அது அங்கே வர வேண்டிய காலமோ இன்னும் ஆகவில்லை! கொத்தமல்லிக் கட்டை ஈரச் சாக்கில் சுற்றாமல் வெயிலில் வைத்தால் என்னவாகும் என்று மளிகைக்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. போங்சோவும் கருவுக்கு அதன் சூழ்நிலையைத் தேடிக் கொடுத்தார். பெண்ணின் கருக்குழாயின் உட்புற உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின்மேல் கருவை விட்டார். கருக்கள் முன்னிலும் நன்றாக வளர்ந்தன. ஐந்தாம் நாள் நிலையை எட்டியவையும் கூடின. 1989இல் இந்த முறையைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று. பிற்காலத்தில் திரவங்களே திருந்திவிட்டதால் இன்று குழாய் உயிரணுக்கள் வேண்டியதில்லை. ஐந்தாம் நாள் கருவை வைப்பதோ உலகெங்கும் சாதாரணமாகிவிட்டது.

அந்த ஐந்தாம் நாள் கருவிலிருந்தே, 1994இல், எந்த உறுப்பாகவும் மாறத்தக்க மூல உயிரணுக்களை அவர் பிரித்தெடுத்தார். அவை நெடுநாள் நிலைக்கவில்லை. நிலைக்கச் செய்தவர் 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன்.

மார்க்கம் இதை அனுமதிக்கிறதா என்று கேட்கும் அன்பர்களுண்டு. எகிப்து முப்தி ஜாதுல் ஹக் 1980இல் தந்த பத்வா, நிக்காஹ் நிலைத்திருக்கும்போது கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் மட்டுமே சேர்வதானால் ஆகும் என்றும், மூன்றாமவர் கலப்பு ஆகாது என்றும் கூறுகிறது.

மற்றொரு செய்தி ஆண்களுக்கு. 1988இல் இதே குழுவினர் விந்தணுக்களை முட்டையின் ஓட்டுக்கு உட்புறம் ஊசியால் செலுத்திக் கர்ப்பம் உண்டாக்கினர். விந்தணு பலவீனமான கணவர்களுக்காக எழுந்த முறை அது. பிள்ளையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடத்தில் ஆணின் குறையும் உண்டு. ஆகவே வைத்தியரிடம் மனைவியை மட்டும் அனுப்பிவிட்டுக் கடையில் உட்கார்ந்திருத்தல் சரியன்று. ஆணுக்குரிய முதல் சோதனை வலியற்றது. ஒரு காலை வேளை போதும். ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தரிக்காவிடில் இருவருமே செல்ல வேண்டும்; மனைவிக்கு வயது 35 கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே.