வித்தைக்காரத் தம்பிக்கு



சின்னசேலம் பக்கம் ஒரு திருவிழாவில் நீ நெஞ்சில் டியூப்லைட் உடைத்துக்கொண்ட வீடியோவைப் பேரன் காட்டினான். வரிசையாக எட்டு உடைத்தாய். கைதட்டல் முதல் இரண்டுக்குத்தான். அப்புறம் கூட்டம் அவரவர் போனுக்குப் போய்விட்டது.

ஜனங்கள் காசு போடுவது ரத்தத்துக்கு இல்லையப்பா, 'இப்ப என்ன ஆகப்போகுதோ' என்று மூச்சைப் பிடித்து நிற்கிற நேரத்துக்கு. எங்கள் காலத்தில் ஊர்ப் பொட்டலில் கம்பம் நட்டு, மைக் செட் கட்டி, சைக்கிளை விட்டு இறங்காமல் நாள்கணக்கில் சுற்றுவோம். பல் விளக்குவது, குளிப்பது, சோறு தின்பது எல்லாம் சைக்கிள் மேலேயே. பெரிய ஆபத்து ஒன்றும் கிடையாது. ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பாயோடு வந்து உட்காருவார்கள், ஆள் தூங்கி விழுவானா மாட்டானா என்று பார்க்க.

டியூப்லைட்டை விட்டுவிடு. உள்ளே இருப்பது பாதரசம். அதுவும் வெள்ளைப் பொடியும் கண்ணாடித் தூளும் உன் மூச்சில் போவது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததற்கு எவன் காசு போடுவான்? மண்ணெண்ணெய் ஊதித் தீ காட்டுவதும் வேண்டாம். கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரல் புண்ணாகிவிடும். வாந்தி எடு என்பார்கள், எடுக்காதே, இன்னும் உள்ளே போகும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறி ஆடுகிறவன் இதை இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். அந்த வளைவுகளில் ஆம்புலன்ஸ் எப்போது வந்து சேரும்?

நெஞ்சில் கல் உடைப்பதை வைத்துக்கொள். ஆனால் கல் கனமாக இருக்கட்டும். கனமான கல் சம்மட்டி அடியைத் தானே வாங்கிக்கொள்ளும், சின்னக் கல் எடுப்பவனுக்குத்தான் விலா முறியும். பெரிய கல்லைத் தூக்க நாலு பேர் வேண்டும், கூட்டத்திலிருந்தே கூப்பிடு. அவர்கள் முக்கி முனகித் தூக்கும்போதே பாதி வித்தை முடிந்துவிடும். சம்மட்டியை மட்டும் உன் ஆளிடம் கொடு. குடித்துவிட்டு 'நான் அடிக்கிறேன்' என்று ஒருத்தன் எல்லா ஊரிலும் வருவான்.

அக்கா மகளைக் கயிற்றில் ஏற்றப்போகிறாயாம். கூடாது. சர்க்கஸில் குழந்தைகளை வைத்து வேலை வாங்கக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் சினிமாவில் நடிக்க விட்டாலும் சர்க்கஸுக்கு இடம் தரவில்லை. சட்டம் கிடக்கட்டும், பிள்ளையைப் பார்த்து மனசு பதறிப் போடுகிற காசில் உன் தொழிலுக்கு என்ன பெருமை? நீயே ஏறு. கையில் பிடிக்கிற கழை நீளமாக, இரண்டு முனையும் தழைந்து இருக்கட்டும். உடம்பு சாய்ந்தாலும் மெதுவாகச் சாயும், திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்குப் போனால் மைக்கில் திருநங்கைகளைக் கேலி செய்து ஒரு சொல் வரக்கூடாது. தாலி அறுத்து அழ வந்தவர்களை வேடிக்கையாக்காதே.

கயிற்றைப் பற்றிச் சொன்னேனே, குறுந்தொகை ஏழாம் பாட்டிலும் கயிற்றாட்டம் வருகிறது. வாகை நெற்று காற்றில் ஒலிப்பதற்கு அந்த ஆட்டத்துக்கு அடிக்கிற பறை உவமை. கயிற்றில் ஆடியவன் எப்படி ஆடினான் என்று புலவர் சொல்லவில்லை, அவர் காதில் நின்றது பறை. உன்னிடம் ஒரு புளூடூத் ஸ்பீக்கர்தான் கத்துகிறது. பறை தெரிந்த ஒருவரைச் சேர்த்து, எங்கே அடிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒத்திகை பாருங்கள். தட்டில் விழுவதில் அவருக்குச் சரிபங்கு கொடு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே விண்ணப்பம் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சைக்கிள்காரன்