இழுவை வண்டிக்கு எந்த டயர்?

ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் ஒரு டயர் கடை, சனிக்கிழமை காலை. படிப்பு முடிந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், அப்பாவின் எஃப்-150 பிக்கப்புக்கு டயர் மாற்ற வந்திருக்கிறான். சுவரில் அடுக்கியிருக்கும் முரட்டு மட் டெரெய்ன் டயரை விட்டு அவன் கண் நகரவில்லை. "இதைப் போட்டா வண்டி கெத்தா இருக்கும்பா." அப்பாவின் கணக்கு வேறு. "எது விலை கம்மியோ அதைப் போடுடா. டயர்னா டயர்தான்." வருஷத்துக்கு இரண்டு முறை இதே வண்டி 3,200 கிலோ கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேற்கு டெக்சாஸின் பிக் பெண்ட் வரை போகிறது. அந்தப் பேச்சையே இருவரும் எடுக்கவில்லை.

ஹைவே, ஆல் டெரெய்ன், மட் டெரெய்ன் என்ற மூன்று ரகமும் எல்லோருக்கும் தெரியும். பட்டனைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். இழுவைக்கு முதலில் பார்க்க வேண்டியது பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் எழுத்துகளை.

எஃப்-150 வண்டிகள் பலவற்றில் வரும் அளவு 275/65 ஆர் 18. இதே அளவில் கார் ரக டயரும் உண்டு, 'எல்டி' என்ற எழுத்தோடு தொடங்கும் இலகு டிரக் ரகமும் உண்டு. கார் ரகத்தில் பாரக் குறியீடு 116 என்றிருந்தால் ஒரு டயர் 1,250 கிலோ தாங்கும். ஆனால் கார் டயரை டிரக்கில் மாட்டினால் அந்த எண்ணை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஆகவே மிஞ்சுவது 1,136 கிலோ. எல்டி-யில் 'ஈ' ரகத்தின் குறியீடு 123, அதாவது 1,550 கிலோ. இந்தத் தாங்குதிறன் 80 பிஎஸ்ஐ காற்றில்தான் கிடைக்கும். புது எல்டி டயரை மாட்டிவிட்டுக் கதவோர ஸ்டிக்கரில் உள்ளபடி 35 பிஎஸ்ஐ மட்டும் அடித்தால், கழற்றிப்போட்ட கார் டயரைவிடக் குறைந்த எடையைத்தான் அது தாங்கும். கடைக்காரர்களில் பலர் இதைச் சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. எந்த டயரைப் போட்டாலும் அச்சின் எடை வரம்பு, வண்டி செய்தவர்கள் எழுதிவைத்ததுதான். டயர் அதைக் கூட்டாது.

இனி அந்த மட் டெரெய்ன்.

சேற்றுக்கென்றே பிறந்த டயர் அது. பட்டன்களுக்கு நடுவே அகலமான பள்ளம் விட்டிருப்பதே சேறு வெளியேறத்தான். தார்ச்சாலையில் அந்தப் பள்ளமே பாதகமாகிறது. தரையைத் தொடும் ரப்பர் குறைவு, மழையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் அதிகம், இரைச்சல் கூடுதல், பெட்ரோல் செலவும் கூடுதல். உயரமான பட்டன்கள் பாரத்தில் பக்கவாட்டில் நெளியும். வெறும் வண்டியில் அந்த நெளிவு தெரியாது. பின்னால் மூன்று டன் தொங்கும்போது ஸ்டீயரிங்கில் தெரியும்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அளவையும் ஏற்றிவிடுகிறார்கள். 32 அங்குலம் இருந்த இடத்தில் 35 அங்குலம். விட்டம் 9 சதவீதம் கூடுகிறது. 3.55 என்றிருந்த அச்சு விகிதம், நடைமுறையில் 3.25 ஆக இறங்கிவிடும். இழுவைக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய என்ஜினின் பலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் காசு கொடுத்துத் தொலைப்பது இது. வேகமானியைத் திருத்தாமல் விட்டால் அது 65 மைல் காட்டும்போது வண்டி 71-ல் ஓடும். டிரெய்லரின் சொந்த டயர்களில் பலவற்றுக்கு 65 மைல்தான் வரம்பு. ஐ-10 சாலையின் மேற்குப் பகுதியிலோ 80 மைல் வரை அனுமதி உண்டு. கோடை வெயிலில் அந்தச் சாலையோரம் கிழிந்து கிடக்கும் ரப்பர் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இன்னும் ஒன்று. டயர் 3 அங்குலம் பெரிதானால், டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் ஒன்றரை அங்குலம் உயரும். ஹிட்ச் பந்தின் உயரத்தைச் சரிசெய்யாமல் விட்டால் டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஹிட்ச் மேல் இறங்கும் எடை குறையும். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்க வேண்டும். 3,200 கிலோவுக்கு 320 முதல் 480 கிலோ. அதற்குக் கீழே போனால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

ஃபோர்ட் ஸ்டாக்டனிலிருந்து மாரத்தான் போகும் 385-ஆம் நெடுஞ்சாலையில் இதை எழுதுபவர் அந்த வாலாட்டத்தைக் கண்டிருக்கிறார். குறுக்குக் காற்று. எதிரே ஒரு லாரி கடந்தது. மட் டெரெய்ன் மாட்டிய பிக்கப்பின் பின்புறம் இடம் வலமாக அசைந்தது. கண்ணாடியில் கேம்பர் முதலில் ஒரு பக்கம் தெரிந்தது, பிறகு மறுபக்கம். ஆக்சிலேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெல்ல அழுத்தியதும்தான் நேரானது. அடுத்த பயணத்தில் அதே டிரெய்லர், அதே சாலை, காற்றும் அப்படியே. வண்டியில் எல்டி ஹைவே டயர் இருந்தது. லாரிகள் கடந்தபோது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை இறுகவே இல்லை.

சேறும் பாறையும் பார்க்கப் போகிறோமே என்பார்கள். பிக் பெண்டில் டிரெய்லரோடு தங்கும் ரியோ கிராண்ட் வில்லேஜ் வரை தார்ச்சாலைதான். சிசோஸ் மலைக்குள் ஏறும் சாலைக்கு 20 அடிக்கு மேற்பட்ட டிரெய்லரைக் கொண்டுவர வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு யாரும் சேற்றில் இறங்குவதில்லை. வாரம்தோறும் பண்ணைக்கும் மண்சாலைக்கும் போகிறவர்கள் அதிகம் முரடில்லாத ஆல் டெரெய்ன் ஒன்றை எல்டி ரகத்தில் எடுக்கலாம். குளிர்காலத்தில் கொலராடோ பக்கம் போகிறவர்கள் பக்கச்சுவரில் மலையும் பனிப்பூவும் சேர்ந்த சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். மற்ற எல்லோருக்கும் எல்டி ஹைவே டயரே போதும், அதுவே நல்லதும்.

எந்த ரகமானாலும் டயரைக் கொல்வது சூடு. பாரம், வேகம், குறைந்த காற்று மூன்றும் சேர்ந்தால் சூடு ஏறும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். அவற்றில் பெரும்பகுதி ஓடிய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்குப் பரிந்துரைத்திருந்த காற்று 26 பிஎஸ்ஐ. பட்டன் பகுதி பிரிந்து வண்டி உருண்டு 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டத்தால்தான் இன்று ஒவ்வொரு புது வண்டியிலும் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு இருக்கிறது. ஸ்டிக்கர் அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் அது எரியும். ஸ்டிக்கர் 35 என்றால் எரிவது ஏறக்குறைய 26-ல். இழுவைக்காக எல்டி டயரில் 60 அடித்திருப்பவருக்கு அது 40-க்கு இறங்கினாலும் விளக்கு மௌனமாகவே இருக்கும். கையில் ஒரு கேஜ் இல்லாமல் டிரெய்லரை மாட்டவே கூடாது.

பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள், பெற்றோர் விலைப்பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தன் வண்டி செய்யும் வேலை என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் ஒதுக்கினால் போதும். கேம்பரில் தண்ணீரும் சாமானும் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் உள்ள 'கேட்' (CAT) எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம். முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லர் என்று மூன்று எடையும் ஒரே சீட்டில் வரும். பின்னச்சின் எடையைக் கதவோரத்தில் எழுதியுள்ள வரம்போடு ஒப்பிட்டால், கார் ரகம் போதுமா, எல்டி வேண்டுமா என்ற கேள்விக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். கடையில் நாம் கேட்ட டயர் இல்லை என்றால் ஒரு வாரம் காத்திருக்கலாம். இருப்பதை மாட்டிக்கொண்டு வந்தால் நாலைந்து வருஷம் அதோடுதான் காலம் தள்ள வேண்டும்.

மாட்டும் நாளில் தேதியைப் படியுங்கள். பக்கச்சுவரில் உள்ள டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கம் 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம் செய்தது. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான் தாங்கும், 80 அடிக்க உலோக வால்வு கேட்டு வாங்குங்கள். 80 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஓரமாக நிறுத்தி, டார்க் ரெஞ்சால் ஒவ்வொரு நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.